எதிர்ப்புறத்து முழங்கை

அண்ணன் அன்று கழற்றிப் போட்ட இடது கால் ஸ்பைக்ஸ்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆணி வைத்த அந்தக் காலணிக்குள் ரத்தம் தேங்கி நின்றது. கெண்டைக்காலிலிருந்து வடிந்த ரத்தம்.

அறுபதுகளின் கடைசி. பம்பாய்த் தெருவில் தமிழ் பேசினாலே அடி விழுந்த காலம். தாராவியில் தோல் பதனிடும் கிடங்கில் அண்ணனுக்கு வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் அங்கே போவதற்காக அவன் கிடங்குக்குப் போனான். சுண்ணாம்புத் தண்ணீர் அவன் விரல்களைத் தின்றுகொண்டிருந்தது. மாதுங்கா மைதானத்தில் ஆயிரத்து ஐநூறு மீட்டர் ஓட்டத்தில் முதல் இரண்டு இடம் வருபவர்களுக்கு ரயில்வே பட்டறையில் நிரந்தர வேலை என்றார்கள். கிடங்கை விட்டு வெளியேற அவனுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

“மொத ரெண்டு சுத்தும் கொழாயடி வரிசை மாதிரி. பேசாம நிக்கணும்,” என்பான். “மூணாவது சுத்துலதான் எல்லாவனும் மூச்சை மிச்சம் பிடிப்பான். அப்பம் முந்திப்போயி குடத்தை வச்சிரணும்.” அதற்கு வெளிப்பக்கமாகவே ஓட வேண்டும், உள்ளே மாட்டினால் வழி கிடைக்காது.

துப்பாக்கி வெடித்ததும் ஒருவன் அவனை உள்ளே தள்ளினான். ஒரே மில்லைச் சேர்ந்த மூன்று பேர் அவனை வளைத்துக்கொண்டார்கள். ஒருவன் முன்னால், ஒருவன் தோளோடு, ஒருவன் பின்னால். இடப்பக்கம் சுண்ணாம்புக் கோடு; தாண்டினால் ஆட்டம் போச்சு. நடுவர்கள் இருந்த பக்கம் மூவரும் ஒழுங்காக ஓடினார்கள். எதிர்ப்புறம் போனதும் விலாவில் முழங்கை இறங்கியது. பின்னால் வந்தவன் ஆணிக்காலை அவன் கெண்டையில் இறக்கினான். மூன்றாவது சுற்றில் வெளியேறப் பார்த்தபோது வாயில் ஒரு குத்து. “லுங்கிவாலா, காவ் ஜா,” என்று ஊரைப் பார்த்துப் போகச் சொல்லிக் கூட்டம் சிரித்தது.

கடைசி நேர்கோட்டில், நடுவர்களின் கண்ணெதிரே, தோளோடு வந்தவனை அண்ணன் இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினான். அவன் முகம் குப்புற விழுந்தான். அண்ணன் முதலாவதாக வந்தான். உடனே நீக்கினார்கள்.

நான் தெரிந்த இங்கிலீஷில் வாதாடினேன். கெண்டைக்காலைக் காட்டினேன். எதிர்ப்புறத்தில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை, இதை எல்லோரும் பார்த்தோம் என்றார் தலைமை நடுவர். விழுந்து எழுந்தவன் மூக்கில் ரத்தத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் கை ஓங்கினேன். அண்ணன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“விடுல. ஒன் பேரையும் பள்ளிக்கூடத்துல வெட்டிருவானுவ.”

“நீயும் அந்தப் பக்கமே தள்ளியிருக்கலாம்லாண்ணே. ஒருத்தனும் பாத்திருக்க மாட்டான்.”

வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “அடிவாங்கும்போது இதெல்லாம் யோசிக்க வராதுடே.”

மறுநாள் நொண்டிக்கொண்டே கிடங்குக்குப் போனான். பத்து வருஷமாகியும் இன்னும் அங்கேதான் போகிறான். நான் செம்பூரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறேன். அவன் அதற்குப் பிறகு ஓடவில்லை. ஆனால் மாதுங்காவில் பந்தயம் என்றால் விடமாட்டான். போன ஞாயிறும் போனோம். கூட்டமெல்லாம் முடிவுக்கோட்டருகே நெருக்கியடித்து நின்றது. அண்ணன் மட்டும் மைதானத்தைச் சுற்றி நடந்துபோய், ஆளே இல்லாத எதிர்ப்புறத்தில் கோட்டையொட்டி நின்றான். ஓட்டக்காரர்கள் கும்பலாக வளைந்து அவனை நெருங்கியபோது அவன் குரல் முடிவுக்கோட்டில் நின்ற எனக்கே கேட்டது.

“தேக் ரஹா ஹூன். நான் பாத்துக்கிட்டுதாம்ல நிக்கேன்.”