மைக்கில் சொல்லச் சொன்ன உபயம்

என் மனைவிக்கு மூச்சுத் திணறிய அன்று, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஊர்க்கோடி இருளர் குடியிருப்பு டிரைவரின் கரண்ட் கார். வழியிலேயே சார்ஜ் இறங்கிக்கொண்டு வந்தது. போட இடமே இல்லை. "தாயே, இவளை உயிரோடு வீட்டுக்கு அனுப்பு. உன் வாசலில் எல்லா வண்டிக்கும் சார்ஜ் பெட்டி வைக்கிறேன்" என்று எங்கள் ஊர் அம்மனை வேண்டிக்கொண்டேன். அம்மன் அனுப்பி வைத்தாள்.

சொன்னபடியே கோயில் மதிலோரம் பெட்டி வைத்தேன். கரண்ட் பில்லும் என் பொறுப்பு. கொஞ்ச நாளிலேயே தர்மகர்த்தா அதைச் சுற்றிக் கம்பிக்கூண்டு அடித்துப் பூட்டிவிட்டார். அவர் மருமகன் காருக்கு மட்டும்தான் பூட்டு திறந்தது. என் மனைவியைக் காப்பாற்றிய அந்த டிரைவரையே, "கண்டவனுக்கெல்லாம் தொறக்க முடியாது, போ" என்று விரட்டிவிட்டார்.

நான் போய்க் கேட்டேன்.

"அம்மனுக்குக் குடுத்துட்ட இல்ல? அப்புறம் உனுக்கு இன்னாய்யா பேச்சு?" என்றார்.

எங்கள் ஊர் வழக்கமும் அதுதான். உபயம் கொடுத்தவன் அந்தப் பொருளைச் சொந்தம் கொண்டாடக் கூடாது. ஆனால் எல்லா வண்டிக்கும் என்று சொல்லித்தானே என்னவளைத் திரும்ப வாங்கினேன்? வேண்டுதல் பாதியில் நிற்கிறதே என்று சோறு இறங்கவில்லை.

கொடுத்தவனுக்கு ஒரே ஓர் உரிமை உண்டு. ஆடிக்கூழ் அன்று தன் உபயத்தை மைக்கில் சொல்லச் சொல்லலாம். மைக் செட்காரரிடம் போய் நின்றேன்.

"இன்னாண்ணா சொல்லணும்?"

நான் சொல்லச் சொல்ல அவர் முழங்கினார். "பக்தகோடிகள் கவனத்திற்கு! மதிலோரம் உள்ள கார் சார்ஜ் பெட்டி எல்லா மக்களுக்கும், எல்லா வண்டிக்கும் இலவசம்! சாவி தர்மகர்த்தா ஐயா வீட்டில் உள்ளது. எந்நேரமும் போய்க் கேட்கலாம்!"

ஒவ்வொரு அம்மன் பாட்டுக்கும் நடுவில் இதே அறிவிப்பு. யாரோ அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். மதியத்துக்குள் தர்மகர்த்தா வீட்டு வாசலில் ஒரே கூட்டம். மாகறலிலிருந்து ஒருத்தர் பேட்டரி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டார். ஒரு அம்மா செல்போனை நீட்டி, "இதுக்கும் போடுவீங்களா?" என்று கேட்டது.

"துண்ண வுடறாங்களா பாரு! பேஜாரா கீது. அந்தச் சாவிய எத்துனு போய்த் தொறந்து வுட்டுட்டு வாய்யா!" என்று தர்மகர்த்தாவின் சம்சாரம் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டதாம்.

அவர் சாவியோடு கோயிலுக்கு வந்தார். "மைக்ல மானத்த வாங்கிட்டியேய்யா!"

"பொய் ஒண்ணும் சொல்லலியே, அண்ணே. சாவி உங்க வூட்லதான கீது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பூட்டைத் திறந்தவர் கூண்டையும் ஆள் வைத்துப் பிடுங்கச் சொன்னார். "இனிமே பூட்டே கெடையாதுன்னு அதையும் சொல்லித் தொலடா!" என்று மைக் செட்காரரைப் பார்த்துக் கத்தினார்.

முதலில் அந்த டிரைவரின் கார்தான் நின்றது. ஒயரைச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. என் மனைவி அம்மனுக்குக் காட்டிய கற்பூரத்தைக் கொண்டுவந்து பெட்டிக்கும் காருக்கும் காட்டினாள்.

"இப்பதான்யா நான் வூடு வந்து சேந்தேன்" என்றாள்.