முப்பத்தொன்பது என்று சொன்னவள்

அவளை எல்லாரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்குக் கோபப்படமாட்டாள், கோபப்படக்கூட அவளுக்குப் பயம். ஆள்தான் நிலைப்படியில் தலை இடிக்கிற உயரமே தவிர, நெஞ்சு கோழிக்குஞ்சு நெஞ்சு. லிஃப்டுக்குப் பயம், தெருநாய்க்குப் பயம். சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினால் போதும், செய்யாத தப்பையெல்லாம் நினைத்துப் பார்ப்பாள். இவளிடம் போய் முப்பத்திரண்டு பெண்கள் தங்கள் உயிரை ஒப்படைத்தார்கள் என்றால் நம்புவீர்களா? உயரமாக இருக்கிறாள் என்ற ஒரே காரணம்தான்.

வேலை சட்டைத் தொழிற்சாலையில், இஸ்திரிப் பிரிவில். பதினேழு வருஷமாக அதே மேசை. வெள்ளைச் சட்டையில் தூசி படியுமாம், அதனால் ஜன்னலைத் திறக்கமாட்டார்கள். நீராவி வெளியே போக வழியில்லாமல் ஆட்களின் மேலேயே வந்து உட்காரும். முன்பெல்லாம் வெயில் காலம் என்றால் இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். இப்போது ஐந்து மாதம். வருஷா வருஷம் ஏறுகிறதே தவிர, இறங்குகிற வழியைக் காணோம்.

சுவரில் நிர்வாகம் ஒரு படம் ஒட்டியிருந்தது. வியர்த்துக் கொட்டும் பூமி. கீழே, 'பூமியைக் காக்க உங்கள் பங்கு என்ன?' என்று கேள்வி. அந்தப் பங்குக்காக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். முதலாளி அறையில் ஏசி மட்டும் பூமிக்கு உறவு போலிருக்கிறது, அது பாட்டுக்கு ஓடும். நெட்டை அந்தப் படம் சொன்னதை அப்படியே நம்பினாள், பாவம். வீட்டில் ஒரே விளக்கோடு காலம் தள்ளினாள். தகர டப்பாவில் செடி வைத்தாள், அது மூன்றே நாளில் கருகியது. தன் இஸ்திரிப் பெட்டிதான் உலகத்தையே சூடாக்குகிறதோ என்றுகூட ஒருநாள் பயந்தாள். பதினேழு வருஷத்தில் எத்தனை லட்சம் சட்டை!

போன கோடையில் ஒருத்தி தனியாகப் போய், "சார், தாங்க முடியல" என்றாள். மறுநாள் அவள் மேசையில் வேறொருத்தி நின்றாள். தனியாகப் போனால் இதுதான் கதி என்று எல்லாருக்கும் புரிந்தது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு வெப்பமானி வாங்கினார்கள். சூப்பர்வைசர் கண்ணில் படாமல் தூணின் பின்பக்கம், உச்சியில் மாட்டினார்கள். அந்த உயரத்தில் அதைப் படிக்க நெட்டை ஒருத்தியால்தான் முடியும். நாற்பது டிகிரியைத் தாண்டினால் அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பார்த்ததும் எல்லாரும் வைத்துவிடுவார்கள். முப்பத்திரண்டு பேரை ஒரே நாளில் யார் துரத்த முடியும்?

பக்கத்து மேசையில் நாத்தனார். வீட்டுக்காரரின் கடைசித் தங்கை, நெட்டைதான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். குட்டை என்று பட்டப்பெயர். இரண்டு பேரும் சேர்ந்து நடந்து வந்தால் வாசல் காவலாளிக்கே சிரிப்பு வரும். குட்டைக்கு இப்போது ஐந்தாம் மாதம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சட்டைகளை ஏற்றிப்போக லாரி வந்து காத்துக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் நெட்டையின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். அவள் கழுத்தைத் துடைப்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள்.

நாற்பத்திரண்டு.

"எவ்ளோ அண்ணி?" என்றாள் குட்டை, உதடு அசையாமல்.

வீட்டுக்காரர் முதுகு பிடித்துப் படுத்து மூன்று மாதம். அடுப்பு எரிவது இவள் கையில். பெட்டியை நிமிர்த்தினால் முதலில் தெரிகிற முகம் இவள் முகம். பின்னால் ஒருத்தியும் வைக்காவிட்டால்?

"முப்பத்தொன்பது" என்றாள்.

அது வரிசை வரிசையாகக் காதோடு காது போனது. எல்லாரும் மறுபடி குனிந்தார்கள். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. குட்டை சட்டையின் கையை மடித்தபடியே சரிந்தாள். பெட்டி மேசையிலிருந்து விழுந்து தரையில் சீறியது.

மருத்துவமனையில் டாக்டரம்மா, "உடம்புல தண்ணியே இல்ல. குழந்தைய நாளைக்குப் பாத்துட்டுதான் சொல்ல முடியும்" என்றார். குட்டைக்கு நினைவு வந்ததும் அண்ணியின் கையைத்தான் தேடினாள். "முப்பத்தொன்பதுக்கே விழுந்துட்டேன் பாருங்க. எனக்குத்தான் தெம்பு இல்ல" என்றாள். நெட்டை தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் தண்ணீர்க் குழாயடியில் எல்லாரையும் கூட்டி, "நேத்து நாப்பத்திரண்டு இருந்துச்சு. நான் பொய் சொன்னேன்" என்றாள். காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தாள். காலர் தேய்க்கிற பெரியம்மாதான் சொன்னாள்: "எங்க உடம்புக்குத் தெரியாதாடி? நீ நாப்பதுன்னு சொல்லிடுவியோன்னு நாங்க எல்லாருமே பயந்துக்கிட்டுத்தான் இருந்தோம். முப்பத்தொன்பதுன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு."

அதைக் கேட்டதும்தான் நெட்டைக்கு உண்மையில் பயம் வந்தது. வெப்பமானியை அவள் ஒருத்தி தலையில் கட்டிவிட்டு முப்பத்திரண்டு பேரும் நிம்மதியாகக் குனிந்திருந்தார்கள். விட்டால் நாளைக்கும் அப்படித்தான் குனிவார்கள். இவளும் இன்னொரு முப்பத்தொன்பது சொல்வாள்.

உள்ளே போனாள். தூணிலிருந்து வெப்பமானியைக் கழற்றினாள். முன்பக்கம், குட்டையின் கண் மட்டத்தில் ஆணியை அடித்து மாட்டினாள். இனி சூப்பர்வைசர் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும். ஆணி அடிக்கையில் இரண்டு முறை விரலிலேயே போட்டுக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு நாற்பத்தொன்று. இன்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நெட்டை பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். பின்னால் நீராவிச் சத்தம் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

சூப்பர்வைசர் வந்தார். "என்னம்மா, பெட்டி சூடாகலையா?"

"சூடாத்தான் சார் இருக்கு" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவர் பேனாவை எடுத்தார். அப்போதுதான் பின்னால் ஒரு பெட்டி டக்கென்று நின்றது. பெரியம்மாவுடையது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியாத வேகத்தில் வரிசை முழுக்க. நீராவி அடங்கி, அந்தக் கூடத்தில் பதினேழு வருஷத்தில் முதல்முறையாக மின்விசிறியின் சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் பேனாவைப் பிடித்தபடி நின்றார், யார் பெயரை எழுதுவது என்று தெரியாமல். அரைமணி கழித்து ஜன்னல்களைத் திறந்தார்கள். நாளைக்கு என்ன செய்வார்களோ, அது வேறு பயம்.

சாயங்காலம் மருத்துவமனைக்கு ஓடினாள். குழந்தையின் துடிப்பு கேட்கிறது, ஆனாலும் ஒரு மாதம் படுத்தே இருக்க வேண்டும் என்றிருந்தார் டாக்டரம்மா. நெட்டை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். ஆணி அடித்ததையும் பெட்டிகள் நின்றதையும் சொன்னாள். குட்டைக்கு முகம் மலர்ந்தது.

"இன்னைக்கு எவ்ளோ அண்ணி?"

"நாப்பத்தொண்ணு."

குட்டை கொஞ்சம் யோசித்தாள். "அப்போ நேத்து?"

சூப்பர்வைசர் முன்னால்கூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

"நாப்பத்திரண்டு" என்றாள் நெட்டை.

குட்டை வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது நெட்டைக்கு.

"என் கண்ணுக்கு எட்டற மாதிரிதானே மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"சரி. நான் வந்தப்புறம் நானே பாத்துக்கறேன் அண்ணி."