சின்னம்மா பூசிய கிறீம்

அம்மாவின் ஒரே தங்கை சின்னம்மா. தாய் தகப்பன் இல்லாமற்போன பிறகு உரும்பிராயில் எங்களோடு வந்து இருந்தார். அப்பாவோடு வெங்காயத் தோட்டத்தில் நிற்பது அவருடைய வேலை. சமைப்பதும் என்னைப் பள்ளிக்கு அனுப்புவதும் அம்மாவின் வேலை. இந்தப் பங்கீட்டை யார் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அறிய அப்படித்தான் இருந்தது.

நான் மூன்றாம் வகுப்பில் படித்தபோது சின்னம்மாவுக்குச் சுவிஸில் இருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது. மாப்பிள்ளையின் தாய் அளவெட்டியில் இருந்தார். பெண்ணை நேரில் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். அன்றுதான் அம்மா தன் தங்கையின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தவர்போல் பார்த்தார். இரண்டு கன்னங்களிலும் வெயில் கரும்படையாகப் படிந்திருந்தது.

அடுத்த நாளே அம்மா யாழ்ப்பாணம் போய், அழகுச் சாமான் விற்கும் ஒரு பான்சிக் கடையில் சின்ன டப்பா ஒன்று வாங்கி வந்தார். அதில் பெயரும் இல்லை, செய்த இடமும் இல்லை. ஆனால் கிறீம் வேலை செய்தது. கொஞ்ச நாளில் சின்னம்மா வெளுத்தார். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, என்ன பூசுகிறாள் என்று விசாரித்தார். அம்மா சொல்லவில்லை.

பிறகு முகம் சிவந்தது. வெயிலில் கால் வைத்தால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது என்று சின்னம்மா தோட்டத்தில் இருந்து பாதியில் திரும்பி வந்தார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்படி அப்பா அம்மாவிடம் சொன்னார். நானும் போனேன்.

டொக்டர் ஒரு பெண். டப்பாவை மணந்து பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"உந்தக் கிறீமை உடனை நிப்பாட்டுங்கோ. நிப்பாட்டினால் முதல் இன்னும் சிவக்கும், உரியும். பயப்பிடாதேங்கோ, பிறகு மாறும். வெயில்தான் இனி ஆகாது. நடுப்பகலிலை தோட்டத்துக்குப் போகக் கூடாது. போனால் முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் போடவேணும். நான் தாற கிறீம் வெயிலுக்குப் பூசுறது, வெளுக்கிறதுக்கில்லை."

வரும்போது பஸ்ஸில் அம்மா மெல்லக் கேட்டார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து பாத்திட்டுப் போகுமட்டும் பூசினால் என்னடி?"

"எரியுதக்கா," என்றார் சின்னம்மா. வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா டப்பாவைக் கக்கூஸ் குழிக்குள் போட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அவர் முகம் அவித்த இறால்போல் இருந்தது. மூக்கோரம் தோல் உரிந்தது. தாய்க்காரி தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"முகத்திலை என்ன பிள்ளை?"

அம்மா வாயெடுக்குமுன் சின்னம்மா பதில் சொன்னார்.

"வெயிலிலை வெங்காயம் நட்டுக் கறுத்தனான். வெளுக்கவெண்டு ஒரு கிறீம் பூசினன். அது சுட்டுப் போட்டுது."

அவ்வளவுதான். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு, குறிப்புப் பொருந்தவில்லை என்று தரகர் வந்து சொன்னார். முன்னர் பொருந்திய குறிப்பு பிறகு எப்படிப் பொருந்தாமல் போனது என்று நான் கேட்டேன். சின்னம்மா இனி எங்கேயும் போகமாட்டார் என்பதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது குசினியில் சின்னம்மா சமைத்துக்கொண்டு நின்றார். அம்மாவைக் காணவில்லை. தோட்டத்தில், அப்பாவுக்குப் பக்கத்தில், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நல்ல வெயிலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். அன்று மட்டுமல்ல, அந்தப் போகம் முழுவதும் அப்படித்தான். சின்னம்மா தொப்பியோடு காலையில் மட்டும் தோட்டத்துக்குப் போனார். வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிடுவார். முகம் மெல்ல மெல்ல ஆறியது. படை முழுவதும் போகவில்லை.

எனக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. சின்னம்மாவின் குழம்பில் உப்புக் கூடிவிடும். ஒரு பின்னேரம் அம்மா கால் கழுவிவிட்டு வந்து குந்தியபோது கேட்டேன்.

"அம்மா, நீங்கள் ஏன் இப்பிடிக் கறுத்துப் போனியள்?"

"வெயில்தானே பிள்ளை," என்றார் அம்மா.

குசினிக்குள் இருந்து சின்னம்மா வந்தார். டொக்டர் கொடுத்த கிறீமில் கொஞ்சத்தை விரலில் எடுத்து அம்மாவின் கன்னத்தில் பூசினார். அம்மா அழுதார். சூரியன் மறையப்போகிற நேரத்தில் வெயிலுக்குப் பூசும் கிறீமை யாராவது பூசுவார்களா என்று நான் சிரித்தேன்.