ஓடையில் வைத்த பெரட்டு

நோர்வூட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சராக நான் சேர்ந்த புதிது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "நடத்தையைப் பார்த்துத்தான்" என்று தோட்ட நிர்வாகியான துரை சொல்லியிருந்தார். பார்க்கிற பொறுப்பு கண்டாக்கையாவுடையது. தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் அந்த மனிதருக்குத் தேயிலைச் செடியைத் தவிர எதைக் கண்டாலும் சந்தேகம். விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஒருத்தி சற்றுப் பிந்தி வந்தால் போதும், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "அரைப்பேர்" என்பார். அவள் பொழுது சாயும்வரை கொழுந்து பறித்தாலும் பாதிச் சம்பளம்தான். அவரைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அதைவிடப் பயம் அதிகம். இந்த வேலை போனால் எனக்கும் கொழுந்துக் கூடைதான்.

நான் கரும்பலகையில் தவளை வரைந்தால் பிள்ளைகள் பலாக்காய் என்றார்கள். கோபம் வந்தது. ஆனால் தள்ளி நின்று பார்த்தபோது பலாக்காய்தான். அதனால், "நாளைக்கு ஆத்துக்குப் போறோம். தலைப்பிரட்டை பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ஓடை வளைகிற இடத்துக் குட்டையில் தவளைக் குஞ்சுகள் நெளிந்துகொண்டிருந்தன.

முன்பல் விழுந்த ஒரு சிறுமி அன்று மாலை தன் அம்மாவிடம், "நாளைக்கு ஆத்துல டீச்சர் தலப்பெரட்டு வைக்கிறாங்க" என்றிருக்கிறாள். அம்மா அதைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சொல்ல, அது கண்டாக்கையாவின் காதில் விழுந்திருக்கிறது. அந்தச் சமயம் வேலைநிறுத்தம் வரும் என்று தோட்டத்தில் பேச்சு. தலப்பெரட்டு என்றால் சங்கத் தலைவர்மாரின் பெரட்டு, டீச்சர் ஆற்றங்கரையில் ஆள் சேர்க்கிறாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த கதை.

மறுநாள் ஜாம் போத்தலும் பழைய சல்லடையுமாகக் குட்டையைச் சுற்றிக் குந்தினோம். பின்னால் கொய்யா மரத்துக்கு மறைவில் கண்டாக்கையா நின்றிருக்கிறார். எங்களுக்குத் தெரியாது.

"சத்தம் போடாதீங்க. சத்தம் கேட்டா எல்லாரும் ஓடிருவாங்க" என்றேன்.

"டீச்சர், இங்கன ஒரு கூட்டமே ஒளிஞ்சிருக்கு!" என்றான் ஒரு பையன்.

"இப்ப அமைதியாத்தான் இருப்பாங்க. கால் முளைச்சதும் பாருங்க, எல்லாரும் கரையேறிடுவாங்க. அப்புறம் ராத்திரி முழுக்க ஒரே சத்தம்தான். தோட்டத்துல ஒருத்தரும் தூங்க முடியாது."

அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை. "யாரு கரையேறுறது? யாரு சத்தம் போடுறது?" என்று கத்திக்கொண்டு பாய்ந்து வந்தார். பாசி பிடித்த கல்லில் சப்பாத்து வழுக்கியது. தொப்பியோடு குட்டைக்குள் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு என் வேலையைப் பற்றிய கவலை. பிள்ளைகளுக்கோ வேறு கவலை.

"ஐயா, ஆடாதீங்க! உங்க மேஸுக்குள்ள ஒன்னு பூந்திருச்சு!"

அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை இழுத்துவிட்டிருந்த அவருடைய மேஸ் காலுறையை நாலைந்து பேர் சேர்ந்து உருவினார்கள். உள்ளேயிருந்து ஒரு கறுப்புக் குஞ்சு வாலை ஆட்டிக்கொண்டு போத்தலுக்குள் விழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"தலைவர்மாரெல்லாம் எங்க?" என்றார், தண்ணீரில் உட்கார்ந்தபடியே.

நான் போத்தலை நீட்டினேன். "தலைப்பிரட்டைங்கய்யா. தவளைக் குஞ்சு."

போத்தலுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு எழுந்தார். காற்சட்டையிலிருந்து தண்ணீர் கொட்டியது. "விளையாட்டா இது? நாளைக்கு ஆபீசுக்கு வாங்க டீச்சரம்மா. துரைகிட்ட பேசிக்கலாம்."

முடிந்தது கதை என்று நினைத்தேன். அப்போதுதான் முன்பல் விழுந்தவள் வாயைத் திறந்தாள்.

"டீச்சர், பெரட்டுக்கு ஐயா பிந்தித்தானே வந்தாங்க? அரைப்பேர் போடுங்க."

நான் அவள் வாயைப் பொத்தப் போனேன். அதற்குள் கண்டாக்கையா, "யாரு புள்ள நீ?" என்று கேட்டுவிட்டார்.

"போன கெழம நீங்க அரைப்பேர் போட்டீங்களே, தம்பிக்குக் காச்சல்னு ஓடியாந்தாங்களே, அவங்க புள்ள."

பயமில்லாமல், கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். அவர் தொப்பியைப் பிழிந்து தலையில் வைத்துக்கொண்டார். ஒரு மேஸைக் கையில் பிடித்தபடி, சப்பாத்து சளக் சளக்கென்று மேட்டில் ஏறிப் போனார்.

மறுநாள் ஆபீசுக்குப் போனேன். துரைக்கு ஒன்றுமே தெரியவில்லை. என்னைப் பற்றிச் சொல்லப் போனால் கண்டாக்கையா தன் மேஸைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்குமே! அடுத்த மாதம் என் வேலையும் நிரந்தரமானது.

அந்தச் சிறுமியின் அம்மா அதன்பிறகும் ஒருநாள் பெரட்டுக்குப் பிந்தி ஓடினாளாம். கண்டாக்கையா கடிகாரத்தைப் பார்க்கக் கையைத் தூக்கினாராம். பிறகு என்ன நினைத்தாரோ, குனிந்து தன் மேஸைப் பார்த்தாராம்.

"முழுப்பேர். போ, போ" என்றாராம்.