அவர் அழித்ததை நான் படித்தேன்

1998-ஆம் வருடம், மழைக்காலம். பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஊருக்குக் கடிதம் போட்டால் தபால்காரர்தான் படித்துக் காட்ட வேண்டும். அவர் வாயால் வெளியே வரப்போகிற கடிதத்தில் மனசைக் கொட்டவா முடியும்? ‘நலம், சாப்பாடு பரவாயில்லை’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஆபீஸில் மற்ற ஐந்து பேரும் ஆங்கிலத்தில் சிரித்துப் பேசிக்கொண்டே சேர்ந்து சாப்பிடுவார்கள். என் ஆங்கிலம் சிரிப்பதற்குள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அதனால் டப்பாவை எடுத்துக்கொண்டு என் மேசையிலேயே உட்கார்ந்துகொள்வேன். சாயங்காலம் ஜீவனஹள்ளியில் என் அறைக்குப் போனால், மறுநாள் காலை வரை வாயைத் திறக்க வேண்டிய தேவையே இருக்காது.

எனக்குக் கொடுத்திருந்த வேலை ஒரு பார்சல் லாரி கம்பெனிக்கானது. அவர்களுடைய தலைமை அலுவலகம் பெங்களூரில். வெளியூர்க் கிளைகளில் இருப்பவர்கள் மோடம் போட்டு, டெலிபோன் லைன் வழியாகத் தலைமை அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பதிவு செய்ய வேண்டும். அதற்கான புரோகிராமை நான் எழுதினேன். படம், பட்டன் ஒன்றும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் தூரத்துக் கம்ப்யூட்டர் எதிரே வந்து நிற்கும். இங்கே தட்டுவது அங்கே போகும், அங்கே வருவது இங்கே தெரியும். முதல்முறை அது வேலை செய்தபோது பக்கத்தில் யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. யாரிடமும் காட்டவில்லை.

சோதனைக்கு ஓசூர்க் கிளையில் போட்டோம். ஆரம்பத்தில் சில எழுத்துகள் இரட்டையாக விழுந்தன. காரணம் கண்டுபிடிக்க, கிளையில் தட்டும் ஒவ்வொரு விசையையும் நேரத்தோடு ஒரு ஃபைலில் எழுதும்படி செய்தேன். சாயங்காலம் இணைப்பை மூடும்போது அந்த ஃபைலும் பெங்களூரில் எங்கள் ஆபீஸுக்கு வந்துவிடும். ஒரே வாரத்தில் கோளாறு தெரிந்தது, சரி செய்தேன், மற்ற கிளைகளுக்கும் புரோகிராம் போனது. சரி செய்த அன்றைக்கே ஓசூரில் அந்தப் பதிவை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

ஏனென்றால் படிக்க நன்றாக இருந்தது. ஓசூரில் தட்டியவர் ஒரு பெண். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவராக இருக்க வேண்டும், அவ்வளவு வேகம். காலையில் வந்ததும் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடத்தை ஒரு வரி அடித்துவிட்டு அழிப்பார். வேலை இல்லாத நேரத்தில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார். ‘மழை விடல.’ ‘இன்னிக்கு யாருமே பேசல.’ ‘ரெண்டு மூட்டைக்கு ஒரு நாளா.’ அடித்ததும் அழித்துவிடுவார். திரையில் அது போய்விடும். என் ஃபைலில் எழுத்துகளும் இருக்கும், அவற்றை அழித்த விசையின் தட்டல்களும் வரிசையாக இருக்கும். தினமும் காலையில் டீயோடு உட்கார்ந்து அதை நான் படித்தேன். கோளாறு தேடுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு யாரோ கடிதம் போட்டதுபோல் இருந்தது.

ஒரு புதன்கிழமை காலை, முந்தின நாள் ஃபைலில் அவர் தலைமை அலுவலக மேனேஜருக்கு அடித்த தகவலைப் பார்த்தேன். முதலில், ‘நான் சரியாத்தான் சார் அடிச்சேன்.’ அழித்திருந்தார். பிறகு, ‘வீட்டுல நான் ஒருத்திதான் சார் சம்பாதிக்கிறேன்.’ அதையும் அழித்திருந்தார். கடைசியில் அனுப்பியது ஆங்கிலத்தில் ஒரே வரி: தவறு என்னுடையது, மன்னிக்கவும்.

என்ன தவறு என்று தலைமை அலுவலகக் கம்ப்யூட்டரில் தேடினேன், மேனேஜர் அவருக்கு அனுப்பிய தகவல் கிடைத்தது. ஒவ்வொரு ஊருக்கும் ஓர் எண் உண்டு. கும்பகோணத்துக்கு 34, மைசூருக்கு 4. கம்ப்யூட்டர் அச்சடிக்கும் சீட்டில் என்ன எண்ணோ அந்த லாரியில் மூட்டை ஏறிவிடும். கும்பகோணத்தில் ஓர் அரிசி ஆலைக்குப் போக வேண்டிய மோட்டார் மைசூர் போய்விட்டது. ஆலை நான்கு நாள் நின்றிருக்கிறது. இது முதல் தடவையும் இல்லை. அந்த மாதத்தில் ஐந்தாவது.

அவர் தட்டியதைப் பார்த்தேன். 34 என்றுதான் தட்டியிருந்தார். தலைமை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது 4.

ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. புதுத் திரை ஒன்று தூரத்திலிருந்து வந்து சேரும் நேரத்தில், அதற்கு முன் தட்டி வைத்த எழுத்துகளைத் துடைத்துவிடும்படி ஒரு வரி எழுதியிருந்தேன். இரட்டை எழுத்தைச் சரி செய்யும்போது சேர்த்தது. மெதுவாகத் தட்டுகிறவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. திரை வரட்டும் என்று காத்திருப்பார்கள். இவருக்கோ எந்தக் கேள்விக்குப் பின் எந்தக் கேள்வி என்று மனப்பாடம். கண்ணைக் கையால் எழுதிய சீட்டில் வைத்துக்கொண்டு, திரை வருவதற்குள் அடுத்த எண்ணை ஆரம்பித்துவிடுவார். முதல் எழுத்தை என் புரோகிராம் விழுங்கிவிடும். மற்ற கிளைகளில் ஒரே விரலால் தட்டியவர்கள் தப்பித்தார்கள். எல்லாரையும்விட நன்றாக வேலை தெரிந்தவர் மாட்டிக்கொண்டார்.

நான் செய்ததைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. அந்த வரியை எடுத்தேன். புதுப் புரோகிராமை டிஸ்கில் போட்டு, உறையில் வைத்து, அவர்களுடைய லாரியிலேயே ஓசூருக்கு அனுப்பினேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இனித் தவறு வராது, எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். சொன்னால் இரண்டு கேள்வி வரும். ஏன் தப்பாக எழுதினாய்? உனக்கு எப்படித் தெரிந்தது? இரண்டாவதுக்கு, அவர் அழித்ததையெல்லாம் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை ஃபைலைத் திறந்தேன். காலையில் வழக்கமாக வரும் அந்தப் பாடம் இல்லை. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் இரண்டு விநாடி, மூன்று விநாடி. நாற்காலியில் வேறு ஆள்.

அப்போதுதான் எங்கள் முதலாளியிடம் போனேன். அவர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். எல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இப்ப சரி பண்ணிட்டே இல்ல?”

“பண்ணிட்டேன் சார். ஆனா அந்தம்மாவை வேலையை விட்டு...”

“ஆய்த்து, முடிஞ்சு போச்சு, விடுப்பா. நம்ம தப்புன்னு தெரிஞ்சா பதினோரு பிராஞ்ச் வேலையும் போய்டும். அந்த ஃபைல் சங்கதி வேற. போலீஸ்னு கிளம்புவான் அந்தப் பார்சல்காரன். நீ போய்ச் சொன்னா, அப்படியே உங்க ஊருக்கு பஸ் ஏறிடு. இங்க வராதே.”

செவ்வாய்க்கிழமை லீவு கேட்காமல் ஓசூர் பஸ் ஏறினேன். பையில் பழைய புரோகிராம் இருந்த டிஸ்க். கிளையில் மூட்டை தூக்குகிறவர் வீட்டுக்கு வழி சொன்னார். கதவைத் திறந்தவருக்கு முப்பது வயது இருக்கும். நான் யாரென்று சொன்னதும், “நீங்கதானா? பெரிய ஆளா இருப்பீங்கன்னு நெனைச்சேன்” என்றார். உள்ளே அவருடைய அம்மா கட்டிலில் படுத்திருந்தார். மகள் உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, அந்த எண்ணை அவர் சரியாகத்தான் தட்டியிருந்தார் என்றேன்.

முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னையே பார்த்தார்.

“நான் தட்டினது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சொன்னேன்.

“அழிச்சது?”

“அதுவும் வரும்ங்க.”

“மொத நாள்லேர்ந்தா?”

தலையை ஆட்டினேன். அவர் போய் அம்மாவுக்குப் போர்வையைச் சரி செய்தார். அதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. “நாங்கூட யாருமில்லாத இடம்னு நெனைச்சு அடிச்சேன்.”

அந்த ஃபைலை மேனேஜரிடம் காட்டினால் வேலை திரும்பக் கிடைக்கும், நானே எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். அவர் உடனே மறுத்தார். “அதைக் காட்டினீங்கன்னா மிச்சத்தையும் படிப்பாரு. வேலையே வேணாம் அதுக்கு.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். “பழைய புரோகிராம் கையில இருக்கா? ஆதாரம் எதுக்கு? நான் அடிச்சுக் காட்டறேன். திரையே சொல்லட்டும்.”

மறுநாள் தலைமை அலுவலகத்தில் மேனேஜர் முதலில் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. “இன்னாம்மா, கம்ப்யூட்டர்காரனையே சிபாரிசுக்குக் கூட்டியாந்துட்டியா?” என்றார். தப்பு என் புரோகிராமில்தான் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் மேசைக் கம்ப்யூட்டரில் பழைய டிஸ்கைப் போட்டு, மோடம் வழியாக இணைப்புக் கொடுத்தேன். பத்துச் சீட்டுகளை அவரே எடுத்து நீட்டினார்.

அந்தப் பெண் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். சீட்டில் இருந்த கண் திரைப்பக்கம் திரும்பவே இல்லை. பத்தையும் அடித்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. மேனேஜர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றில் ஊர் எண்ணின் முதல் இலக்கம் காணோம்.

“நீ வேணும்னே விட்டிருப்பே” என்றார்.

“என் விரலைப் பாருங்க சார்.” மறுபடியும் அடித்தார். இந்தத் தடவை மேனேஜர் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடியும் இரண்டு காணாமல் போயின. மேனேஜர் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்து, ஒரு விரலால் தானே தட்டினார். எல்லாம் சரியாக விழுந்தது.

“எனக்கு வருதே?”

“நீங்க திரை வர்ற வரைக்கும் காத்திருக்கீங்க சார். நான் அடுத்த எண்ணுக்குப் போன பிறகுதான் எனக்குத் திரை வருது.”

மேனேஜர் டீ சொல்லி அனுப்பினார். மூன்று டீ. வந்ததும் ஒன்றை அந்தப் பெண் பக்கம் தள்ளி வைத்து, “திங்கக்கிழமைலேர்ந்து வந்துடும்மா” என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். “உனக்கு இது எப்போ தெரியும்?”

“போன புதன்கிழமை சார்.”

“இன்னிக்கும் புதன்கிழமைதான்” என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்காததால் நானும் சொல்லவில்லை. கிளம்புவதற்கு முன், மேனேஜர் வெளியே போன சமயம் பார்த்து, இவ்வளவு நாள் சேர்ந்திருந்த ஃபைல்களைத் தன் எதிரிலேயே அழிக்கச் சொன்னார் அந்தப் பெண். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் அங்கிருந்தே நுழைந்தேன். ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக வந்தபோது அவர் திரையைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழித்துவிட்டேன் என்றதும், “ஒண்ணுகூட எழுதி வெச்சுக்கலையே?” என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. மனப்பாடம் ஆகிவிட்ட வரிகளைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நன்றி எதுவும் சொல்லாமல் படி இறங்கிப் போனார்.

முதலாளி என்னை அனுப்பவில்லை. பார்சல் கம்பெனி எங்களிடமிருந்து வேலையைப் பிடுங்காததால் தப்பித்தேன். ஆனால் ஆறு மாதம் ஒன்பதாக நீண்டது, அந்த மூன்று மாதமும் அவர் என்னோடு பேசவில்லை. ஆபீஸில் அதற்கு முன்பும் பெரிய பேச்சு இருந்ததில்லை என்பதால் வித்தியாசம் அதிகம் தெரியவில்லை. காலை டீ நேரம் மட்டும் வெறுமையாக இருந்தது.

அதன் பிறகு எத்தனையோ புரோகிராம் எழுதிவிட்டேன். கோளாறு தேட எதையாவது பதிவு செய்ய நேர்ந்தால், உபயோகிப்பவரிடம் முதலில் சொல்லிவிடுகிறேன், வேலை முடிந்த அன்றே நிறுத்திவிடுகிறேன். அது தொழிலில் கற்ற பாடம். இன்னொன்று தொழிலைச் சேர்ந்தது இல்லை. அந்த மழைக்காலம் முழுக்க எனக்கு ஒரு துணை இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பக்கம் பக்கமாக அவரைப் படித்திருந்தும், அவருக்காக ஒரு வார்த்தை பேச வேண்டிய அந்த ஐந்து நாளில், அவருக்கு நான் யாருமாகவும் இல்லை.