பதினொரு கூரை

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர்: நான், என் மனைவி செல்லக்கனி, ஏழு மாதக் குழந்தை, ஓடு வேய்கிற ராமசாமி அண்ணன், அவருக்கு ஏணி பிடித்த மச்சினன், பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் அக்கா. கூரையை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்கத்தான் ராமசாமி அண்ணனை வரச் சொல்லியிருந்தேன். ஏறினார். பழைய நாட்டு ஓட்டை நாலு இடத்தில் தூக்கிப் பார்த்தார். கட்டையை நகத்தால் சுரண்டினார். கறையான் அரித்த தூள் கொட்டியது. இறங்கிக் காப்பி குடித்தார். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டார். சேவூர்ப் பக்கம் இந்த வருஷம் மழையே இல்லை என்றார். "சரிங்க தம்பி, வர்றனுங்க" என்று போயே போய்விட்டார். தொகை மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

வாய்விட்டுச் சொல்ல முடியாத தொகையோ, இல்லை, பிழைக்க வந்த தெற்கத்தி ஆளிடம் காசு பெயராது என்று நினைத்துவிட்டாரோ? பனியன் கம்பெனியில் இரண்டு நாள் கட்டிங் மேஜையில் கத்தரி கோணிக்கொண்டே போயிற்று. மூன்றாம் நாள் பழனியம்மாள் அக்கா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "முந்நூத்தி எம்பது ஆகுமுங்க. சீமை ஓடு, ரீப்பருச் சட்டம், கூலி எல்லாஞ் சேத்தி" என்றார்.

"உங்களுக்கு யாருக்கா சொன்னா?"

"அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிப்போட்டுத்தானுங்க போனாரு."

"எங்கிட்டச் சொல்லலையே!"

"மூஞ்சிக்கு நேரா எப்படீங்க சொல்றது? உங்களுக்கு முடியலீன்னா நீங்க அவருகிட்ட இல்லீன்னு சொல்லோணும். ரெண்டு பேருத்துக்கும் சங்கடந்தானுங்களே. எங்கிட்டன்னா ஆகாதுன்னு தலைய ஆட்டிப்போட்டுப் போயிரலாம் பாருங்க."

நம் ஊரில் ஒரு கருப்பட்டிக்கு விலை பேசினாலும் தெரு முழுக்கக் கேட்கும். இங்கே ஒன்பது வருஷமாக இருக்கிறேன், இன்னும் இந்த மரியாதை எனக்குப் பிடிபடவில்லை. போன ஐப்பசியில் கூரை ஒழுகி, செல்லக்கனி நூல் பிசிறு வெட்டிக் கொடுப்பதற்காகக் கம்பெனியிலிருந்து வாங்கி வந்திருந்த வெள்ளைப் பனியன் கட்டின் மேல் கரித்தண்ணீர் சொட்டிவிட்டது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "அதுக்கென்னங்க, பரவால்லீங்க" என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து அவரைப் புகழ்ந்து தள்ளினேன். சனிக்கிழமை சம்பளத்தில் ஒன்பது ரூபாய் குறைந்திருந்தது. அதற்கும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. இன்னொரு தடவை நனைந்தால் வீட்டுக்குத் தருகிற வேலை நின்றுவிடும் என்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. இந்தக் கூரை இப்போதே மாறியாக வேண்டும்.

எப்படியோ புரட்டினேன். சேர்த்து வைத்தது இருநூறு, கம்பெனி அட்வான்ஸ் நூறு, செல்லக்கனியின் கம்மலை அடகு வைத்து எண்பது. ஊரில் என் கூடப்பிறந்த அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினேன்: இங்கே கூரைக்கு இவ்வளவு ஆகிறது, அதனால் இந்த வருஷம் நம் வீட்டு ஓலைக்கு வழக்கமாக அனுப்பும் பத்து ரூபாயை அனுப்ப முடியாது.

ஊரில் கூரை மாற்ற யாரும் தொகை கேட்டதில்லை. பனையோலை வெட்டி, மிதித்துப் படிய வைத்து, ஒரு நாள் குறித்தால் போதும். கல்யாணமான ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு; தலைக்கட்டுக்கு ஓர் ஆள் வந்து நிற்பான். மத்தியானம் பருப்பும் சோறும். நம் வீட்டுக்கு அவன் வந்தால் அவன் வீட்டுக்கு நாம் போக வேண்டும், அவ்வளவுதான். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் முதலில் படித்தது கூரை உச்சியில் உட்கார்ந்து ஓலை வாங்கத்தான். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் கல்யாணம் ஆனதும் நானும் ஒரு தனித் தலைக்கட்டு ஆகிவிட்டேன் என்பது இவ்வளவு தூரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. அண்ணனின் பதில் வந்தது.

"நீ பத்து ரூவா அனுப்ப வேண்டாம். ஒன்னு மட்டும் கேக்கேன். இந்த மூணு வருசத்துல ஒந் தலைக்கட்டுக்கும் சேத்து நாந்தான் போறேன். மொத நாளு ஒனக்கா ஓல சொமந்துட்டு, மறுநாளு எனக்கா ஏறுதேன். பதினோரு கூரை ஆயிட்டு. இடுப்பு விட்டுப் போச்சு. நீ எப்ப வருவ?"

கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். ராமசாமி அண்ணனின் மச்சினனுக்கு நாள் கூலி மூன்று ரூபாய். பதினொரு நாளுக்கு முப்பத்து மூன்று. கூரைக்கு வைத்திருந்த பணத்திலிருந்தே எடுத்து மணியார்டர் செய்தேன், கமிஷன் தனி. பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. ஓடு வந்தது, வேய்ந்தார்கள், வீடு சிவப்பாக நின்றது. ராமசாமி அண்ணனுக்கு முந்நூற்று நாற்பத்தேழு கொடுத்தேன். மீதி? "பார்த்துக்கலாமுங்க தம்பி" என்றார். அப்படியென்றால் என்ன அர்த்தமென்று நான் யோசிக்கத் தொடங்கிய வாரத்தில் மணியார்டர் திரும்பி வந்தது. வாங்க மறுத்துவிட்டார்கள் என்றார் தபால்காரர். பின்னாலேயே அண்ணனின் கார்டு.

"கூலிய வாங்கிட்டா கணக்கு தீந்துரும்லா. அப்புறம் ஊர்க்காரனுவ ஒந் தலைக்கட்ட எண்ண மாட்டானுவ. வைகாசில நம்ம கூரை. வந்து ஏறு."

அந்த நோட்டுகள் என் கையில் இருக்கின்றன. அவை போய்வரும் செலவுக்கும், அங்கே நாலு நாள் நிற்பதால் போகிற சம்பளத்துக்கும்தான் சரியாக இருக்கும். செல்லக்கனி பார்த்துக்கொண்டே இருந்தாள். "அங்க கடன அடைக்கப் போயி இங்க கடன் வச்சிட்டுப் போறிய. ராமசாமி அண்ணன் மொகத்துல எப்படி முழிப்பிய?" என்றாள். முகட்டு ஓட்டுப் பூச்சைப் பார்க்க அவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். நான் காப்பி கொடுத்தேன். மழையைப் பற்றிப் பேசினேன். பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் போனதும் வேலியோரம் போய்ப் பழனியம்மாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுநாளே அவரிடமிருந்து பதில் வந்தது. "போயிட்டு வரச் சொல்லுங்க, ஓட்டப் பிரிச்சா எடுத்துக்கப் போறேன்னாருங்க" என்று சிரித்தார் அக்கா. பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்து, "ஏனுங்க, நீங்களும் எங்காளு மாதிரியே ஆயிப்போட்டீங்களே" என்றார்.

வைகாசியில் போகிறேன். அண்ணன் கணக்கில் பதினொரு நாள் இருக்கிறது. போகும்போதெல்லாம் ஒரு நாள் கழியும். உயரத்தில் கால் நிற்குமா என்பதுதான் இப்போதைய பயம். இங்கே ராமசாமி அண்ணனுக்குத் தர வேண்டியது முப்பத்து மூன்று ரூபாய்.