இன்ஜின் ஓடினால்தான் பிரேக்

என் கணவர் விவசாயிகளுக்கு டீசல் பம்புசெட் விற்றுவந்தார். டீசல் இன்ஜினைப் பற்றிப் பேசச் சொன்னால் சோறு தண்ணி இல்லாமல் பேசுவார். அதனால்தான் இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு வந்த ஒரு பெரிய காரை வாங்கிய கையோடு, அதன் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புத்தம்புது டீசல் இன்ஜினைப் பொருத்தினார். அறுபதுகளின் தொடக்கம் அது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

இன்ஜின் புதிது, பிரேக் பழையது. டீசல் இன்ஜினின் கனம் முன்பக்கத்தை அழுத்த, வண்டி நிற்பேனா என்றது. பிரேக் பிடிக்க அவர் சீட்டிலிருந்து பாதி எழுந்துவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் வெறும் தரையை மிதிப்பேன். அவர் வெளியூர் போகிற நாட்களில் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பேன், குழம்பைத் தீயவிடுவேன். தெருமுனையில் அந்தத் தடதட சத்தம் கேட்டால்தான் போன உயிர் திரும்பும். அவர் உள்ளே நுழைந்ததும் சண்டை பிடிப்பேன்.

அப்போது நான் முழுகாமல் இருந்தேன். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் துறையூரில் என் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும்.

"நான் பஸ்ல போயிக்கிறேன். பிரேக் சரியாகாம உங்க வண்டியில ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை கார் வைத்திருக்க, பிள்ளைத்தாய்ச்சி பஸ்ஸில் போய் இறங்கினால் துறையூரில் என்ன பேசுவார்கள்? அந்தப் பயம்தான் அவரை அசைத்தது. என் பயம் அசைக்கவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

பாலக்கரையில் ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். லாரியில் இருப்பது போன்ற பவர் பிரேக் போட ஏற்பாடு. காற்றை உறிஞ்சி, அந்த விசையால் நம் மிதிக்குத் துணை நிற்கிற சாமான் அது. பெட்ரோல் இன்ஜினில் அந்த உறிஞ்சல் தானாகவே கிடைக்குமாம், டீசலில் கிடைக்காதாம். அதற்காக ஒரு சின்ன பம்பை பெல்ட் போட்டு இன்ஜினோடு இணைத்தார் மெக்கானிக். பம்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் என் கணவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்ஜின் ஓடினாதாங்க இந்த பிரேக். இறக்கத்துல அணைச்சிட்டு விட்டுடாதீங்க. ஒண்ணு ரெண்டு மிதிக்கு அப்புறம் கல்லு மாதிரி ஆயிடும்" என்றார் மெக்கானிக்.

"எனக்கே பம்பைப் பத்திச் சொல்றீங்களா?" என்று இவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறக்கத்தைக் கண்டால் இன்ஜினை அணைத்து வண்டியை உருளவிடுவது இவருடைய வழக்கம். டீசல் மிச்சமாம். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குமிழ் இருந்தது. அதை இழுத்தால் இன்ஜின் நின்றுவிடும். அவர் கை தன்னை அறியாமல் அதற்குப் போகும்.

வளைகாப்புக்கு மறுநாள் காலை, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்பட்டோம். பின்சீட்டில் என்னை அழைத்துப்போக வந்திருந்த அம்மா. முன்னால் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு நான். பிரேக் வெண்ணெயாக வேலை செய்தது. முதல்முறையாக என் கால் சும்மா இருந்தது. கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி வண்டி இறக்கத்தில் திரும்பியதும் சட்டென்று சத்தம் நின்றுபோனது.

"என்னங்க, சத்தத்தைக் காணோம்?"

"இறக்கம்தானே" என்றார்.

கீழே ஒரு வைக்கோல் வண்டி சாலையை அடைத்துக்கொண்டு போனது. அவர் மிதித்தார், வேகம் குறைந்தது. மறுபடி மிதித்தார். அதற்கப்புறம் பழையபடி சீட்டிலிருந்து எழுந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஹேண்ட் பிரேக் பெயருக்குத்தான் இருந்தது. வைக்கோல் கண்ணாடியில் உரசுகிற நேரத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி சாலையை விட்டு இறங்கி, ஒரு மணல் குவியலில் ஏறி நின்றது.

வயிற்றில் குழந்தை உதைத்தது. அதன்பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. முன்பலகையை இறுகப் பிடித்ததில் வளையல்கள் நொறுங்கி மடியெல்லாம் கிடந்தன.

"மாப்பிள்ளை, என் பொண்ணை பஸ்லயே கூட்டிட்டுப் போயிருப்பேனே" என்றாள் அம்மா. அவரிடம் குரல் உயர்த்தியே பேசாதவள்.

"பிரேக்கை மாத்திட்டீங்க. உங்க கையை எப்ப மாத்தப் போறீங்க?" என்று நான் கேட்டேன். அவர் இன்ஜினைக் கிளப்பி வண்டியை மணலிலிருந்து பின்னுக்கு எடுத்தார். மீதித் தூரத்தை ஊர்ந்துதான் கடந்தோம்.

துறையூரில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம்தான். ஆனாலும் அவர் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே காதைத் தெருவில் வைத்திருப்பேன். சாலையில் எத்தனை இறக்கம் என்று மனசு அதுபாட்டுக்கு ஓடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றவர் இன்ஜினை அணைக்கவே இல்லை. புகை வீட்டுக்குள் வந்தது. திட்டுவதற்காகக் குழந்தையோடு வெளியே போனேன். அவர் இறங்கி வந்து நான் உட்காருகிற பக்கத்துக் கதவைத் திறந்தார். ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த குமிழ் அங்கே இல்லை. முன்பலகையின் இந்தக் கோடியில், என் சீட்டுக்கு நேராக இருந்தது.

"நானே மாத்தினேன். ஓட்டிக்கிட்டே இழுக்க எனக்கு எட்டாது" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நீயே அணைச்சிடு" என்றார்.

குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, என் சீட்டில் உட்கார்ந்து அந்தக் குமிழை இழுத்தேன். சத்தம் நின்றதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.